புயலாந்தையின் பின்னந்தலை

விபெக்கெ விரல் எண்ணிப் பிழைப்பவள். தன் விரலை அல்ல, ஆந்தை முகமூடி போட்ட படக்கதை வீரர் புயலாந்தையின் விரலை. ஓடென்ஸ் ஊரில் ஆற்றை ஒட்டிய செங்கல் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் பதிப்பகத்தில், அவளுக்கு ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சிவப்புப் பென்சில். புயலாந்தை வருகிற எந்தப் புத்தகமும் அந்த மேசையைத் தாண்டாமல் அச்சுக்குப் போக முடியாது. கையில் ஐந்து விரல் இருக்கிறதா, நெஞ்சில் ஏழு இறகு இருக்கிறதா, காலணி கடல்நீலமா இல்லை வெறும் நீலமா, வானத்திலிருந்து இறங்கும்போது இடது கால் முன்னால் வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். தப்பென்றால் சிவப்பு வட்டம். முப்பது வருடத்தில் அந்த வட்டத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்காத ஓவியர் அந்த ஊரில் இல்லை.

இதெல்லாம் அவள் மனம்போன போக்கில் செய்வதல்ல. பச்சை அட்டை போட்ட தடித்த விதிக்கோப்பு ஒன்று இருக்கிறது. புயலாந்தையைப் பற்றி அதில் இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள். படத்தில் அவர் எதையும் சாப்பிடக் கூடாது. கோகோ மட்டும் குடிக்கலாம். கோபப்படலாம், கத்தக் கூடாது. மழையில் நனையலாம், தும்மக் கூடாது. ஆளாளுக்கு இஷ்டப்படி வரைந்தால் பெரியவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள். ஆகவே ஓவியர்களுக்கு மட்டுமல்ல, பொம்மை செய்கிறவர்களுக்கும் உடை தைக்கிறவர்களுக்கும்கூட அந்தக் கோப்பின் நகல்தான் வேதம். புயலாந்தையின் உரிமை ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்திடம் எப்போதோ போய்விட்டது. ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் அவர்களுக்கு எழுதிவிட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். விபெக்கெ ஒருமுறைகூட எழுதியதில்லை. மாற்றுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அந்தக் கடிதம் வந்தது. உறையின் மேல் 'புயலாந்தை ஆபீஸ்' என்று வண்ணப் பென்சிலில் எழுதியிருந்தது. உள்ளே கோடு போட்ட தாள்.

"என் பேர் ஆஸ்டா. எனக்கு ஏழு வயசு. கெர்டெமிண்டெல இருக்கேன். புயலாந்தைக்குத் தலைக்குப் பின்னால என்ன இருக்கு? எங்க லைப்ரரில இருக்கற முப்பத்தொரு புத்தகத்தையும் பாத்துட்டேன். எல்லாத்துலயும் அவர் என்னைப் பாக்கறார், இல்லன்னா பக்கவாட்டுல பாக்கறார். என் பொம்மைக்குத் தலைக்குப் பின்னால எழுத்து இருக்கு. அது ஃபேக்டரியோடது, அவரோடது இல்லன்னு அப்பா சொல்றார். கடையில விக்கற முகமூடிக்குப் பின்னால சும்மா கருப்பா இருக்கு. ஆனா அந்த டிரெஸ்ல ஆறு இறகுதான் இருக்கு, அதனால கடைக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஃபாஸ்டெலவ்னுக்கு முன்னால சொல்லுங்க."

ஆறு இறகு என்ற இடத்தில் விபெக்கெ நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது போன வருடம் அவளே கண்டுபிடித்து, உடை தைக்கும் கம்பெனிக்கு நான்கு பக்கம் எழுதி, பதில் வராமல் போன தப்பு. பெரிய மனிதர்கள் யாருக்கும் உறைக்காதது இந்தச் சுண்டெலிக்கு உறைத்திருக்கிறது. இன்னும் பார்க்காத அந்தக் குழந்தையை அவளுக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

தாளின் அடியில் அப்பா எழுதிய குறிப்பு இருந்தது. அவர் பெயர் ட்ரோல்ஸ். ஆஸ்டாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இடது காதுக்குப் பின்னால் ஒரு கருவி உண்டு, அதன் வட்டவில்லை ஒன்று காந்தத்தால் மண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும், அது இருந்தால்தான் கேட்கும். தலையை மூடும் முகமூடி போட்டால் வில்லை நழுவிவிடுகிறது. போன ஃபாஸ்டெலவ்ன் வேஷத் திருவிழாவில் அப்படித்தான் ஆனது. வேஷம் போட்ட பிள்ளைகள் வரிசையில் நின்று, தொங்கும் மிட்டாய்ப் பீப்பாயை ஒவ்வொருவராகத் தடியால் அடிக்கும்போது, ஆஸ்டாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. வகுப்பே சேர்ந்து கத்தியும் கேட்கவில்லை. யாரோ தோளைத் தட்டித் திருப்பியபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவள் முறை போய்விட்டிருந்தது.

"இந்த ஆண்டு முகமூடியை நானே தைக்கிறேன்," என்று ட்ரோல்ஸ் எழுதியிருந்தார். "வில்லை வெளியே வரும்படி ஒரு துளை விட்டால் போதும். ஆனால் புயலாந்தைக்கு இல்லாத துளை தனக்கும் வேண்டாம் என்கிறாள். துளை இல்லாமல் போட்டால் காது கேட்காது. முகமூடியே இல்லையென்றால் திங்கட்கிழமை பள்ளிக்கூடமே வேண்டாமாம். அவருக்கும் துளை இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம் என்று கேட்டாள்."

விபெக்கெ விதிக்கோப்பைத் திறந்தாள். திறக்காமலே தெரியும், இருந்தாலும் திறந்தாள். விதி நாற்பத்தொன்று: புயலாந்தையைப் பின்னாலிருந்து காட்டக் கூடாது. அவ்வளவுதான். மற்ற விதிகளுக்கெல்லாம் கீழே ஒரு காரணம் இருக்கும். தும்மினால் முகமூடி நனையும், சாப்பிட்டால் அலகு திறக்க வேண்டிவரும், இப்படி. இதற்கு மட்டும் கீழே வெறும் தாள். இந்த விதியைச் சொல்லி எத்தனை படங்களுக்கு வட்டம் போட்டிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

எதிர் மேசையில் யானிக், ஃபாஸ்டெலவ்ன் பருவத்து கிரீம் பன் ஒன்றை மூக்கு வரை அப்பிக்கொண்டு தின்றுகொண்டிருந்தான். புயலாந்தையை இப்போது வரைவது அவன்தான்.

"யானிக், புயலாந்தைக்குப் பின்னந்தலையில என்ன இருக்கு?"

"என்கிட்டயா கேக்கறே? பதினோரு வருஷமா அந்த மனுஷனை வரையறேன். ஒரே ஒரு தடவை திரும்பி நிக்கற மாதிரி வரைஞ்சேன். நீ போட்ட வட்டத்துல பேப்பரே கிழிஞ்சுது."

"ஏன் காட்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"நாங்க படம் போடறவங்க பேசிக்குவோம். ஆந்தைக்குக் கழுத்து முழுசா சுத்தும் இல்ல? அதனால உடம்பு அந்தப் பக்கம் போனாலும் முகம் இந்தப் பக்கம்தான் இருக்கும்னு ஒரு கட்சி. இன்னொரு கட்சி அவருக்கு வழுக்கைன்னு சொல்லும்."

"வழுக்கைன்னு விதியில இல்ல."

"பின்னந்தலையே விதியில இல்லையே, விபெக்கெ. அப்புறம் வழுக்கை எங்கேர்ந்து வரும்?"

இது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. புயலாந்தையைப் பற்றி 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. அவருடைய அம்மா பெயர், அவர் வீட்டுக் கதவின் நிறம், எந்தக் காலில் எப்போது அடிபட்டது, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஏழு வயதுப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டு அவளை மடக்கிவிட்டது. அதைவிட, அந்தக் கேள்வி அவளுக்கே இப்போது அரிக்கத் தொடங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் அறுபத்திரண்டு புத்தகங்களையும் அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் பரப்பினாள். யானிக்குக்கு முடிக்க வேண்டிய படம் இருந்தது. பத்து நிமிடம் வேலை செய்வதுபோல் பாவனை செய்துவிட்டு அவனும் வந்து மண்டி போட்டான். பார்க்கப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. எத்தனை ஓவியர்கள், எத்தனை தந்திரம். தலைக்குப் பின்னால் ஒரு மேகம். ஒரு கம்பம். மேலங்கி காற்றில் தூக்கி, சரியாகத் தலையை மறைத்தது. இருபத்தாறாம் புத்தகத்தில் அவர் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார். கண்ணாடி முழுக்க நீராவி. நாற்பதாம் புத்தகத்தில் பத்துப் பேர் துரத்த ஓடுகிறார், ஆனால் நம்மை நோக்கித்தான் ஓடுகிறார்.

"அந்தப் பத்துப் பேருக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றான் யானிக். "அவங்ககிட்டதான் கேக்கணும்."

"வாயை மூடிட்டு அடுத்ததை எடு."

அறுபத்திரண்டிலும் இல்லை. மிச்சமிருந்தது கீழ்த்தளத்து அலமாரி. புயலாந்தையை முதன்முதலில் வரைந்த ஓவ கிராக் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது; அவருடைய தாள்களும் தகரப் பெட்டிகளும் அங்கேதான் இருந்தன. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். சொல்ல வேண்டியதையெல்லாம் துண்டுச் சீட்டுகளில் நீலப் பென்சிலால் எழுதிக் காலணிப் பெட்டியில் போட்டுவிடுவார்.

அந்தப் பெட்டியை விபெக்கெ நன்றாக அறிவாள். இந்த வேலையில் அவள் சேர்ந்த முதல் வாரம் அது. இருபத்து மூன்று வயது. உரிமையை வாங்கிய ஸ்டாக்ஹோம்காரர்கள் விதிக்கோப்பு கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை. இந்தப் பெட்டிதான் இருந்தது. "இதையெல்லாம் வரிசையாகத் தட்டச்சு பண்ணு" என்று பெட்டியை அவள் மடியில் வைத்தார்கள். சீட்டை எடுத்து, படித்து, அடித்து, கவிழ்த்து வைத்து, அடுத்ததை எடுத்து, இரண்டு வாரம் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு எழுத்துகூடப் பிழையில்லை என்று பாராட்டினார்கள். கோப்பு அவள் பொறுப்புக்கு வந்தது அப்படித்தான்.

நாற்பத்தொன்றாவது சீட்டு கிடைத்தது. 'புயலாந்தையைப் பின்னாலிருந்து காட்டக் கூடாது.' கோப்பில் இருப்பதேதான். காரணம் இல்லை. அவள் பெருமூச்சு விட்டு அதை யானிக்கிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் பெட்டியில் போடப் போனவன் நின்றான்.

"விபெக்கெ. இதுக்குப் பின்னால ஏதோ எழுதியிருக்கு."

அதே நீலப் பென்சில். 'மூன்றாம் புத்தகம், பின்னட்டைக்கு மட்டும். தலை வரும் இடத்தில் பார்கோடு போடுகிறார்களாம்.'

அவள் இரண்டு முறை படித்தாள். கன்னம் இரண்டும் சுட்டது. முப்பது வருடம், ஐம்பத்தொன்பது புத்தகம், மேகம், கம்பம், நீராவி, எல்லாமே ஒரே ஒரு பின்னட்டைக்காக எழுதிய குறிப்பால் வந்தவை. அவள் சீட்டைத் திருப்பிப் பார்க்காததால் அது சட்டமாகிவிட்டது. யானிக் சிரிக்கத் தொடங்கினான். தோள் குலுங்கச் சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"வேற எத்தனையைத் திருப்பாம விட்டேனோ," என்றாள் அவள்.

கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். இன்னும் ஒன்றின் பின்னால்தான் எழுத்து இருந்தது: ஊறவைத்த மத்தி மீன், மெழுகுவத்தி, தீப்பெட்டி. அது கிராக் வீட்டுச் சாமான். மற்றவையெல்லாம் வெறும் காகிதம். தப்பு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அவளுடையது.

"அப்படின்னா அந்தப் பின்னட்டைக்கு அவர் ஒரு படம் போட்டிருக்கணுமே," என்றான் யானிக். அதைக் கேட்டதும் அவள் வெட்கத்தைக்கூட மறந்து எழுந்துவிட்டாள்.

அலமாரியின் கடைசி இழுப்பறைக்கு அடியில் அது இருந்தது. கடலைப் பார்த்து நிற்கும் புயலாந்தை, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அகன்ற தோள், மேலங்கியின் மடிப்பு, கழுத்து, எல்லாம் இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. பார்கோட்டுக்கு விட்ட இடம்.

"எடு, கத்தியை எடு. மெதுவா."

யானிக் மேலே போய் மெல்லிய கத்தியைக் கொண்டுவந்து, பழைய பசையை ஓரத்திலிருந்து நெம்பினான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். காகிதம் உரிந்து வந்தது. அடியில் ஒன்றுமில்லை. கிராக் முதலில் கட்டத்தை ஒட்டிவிட்டு, அப்புறம் அதைச் சுற்றி ஆளை வரைந்திருக்கிறார். தலையில்லாத முண்டம் பிடிக்காமல் போய், படத்தையே தூக்கிப் போட்டுவிட்டார். புயலாந்தையின் பின்னந்தலையை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை, அவரை உண்டாக்கியவர் உட்பட.

மாலை நான்கு மணிக்கு விபெக்கெ ட்ரோல்ஸுக்குத் தொலைபேசினாள். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"இருங்க, அவகிட்டயே குடுத்துடறேன். நான் சொன்னா நம்பமாட்டா. இந்த வீட்டுல என் பேச்சு செல்லாது."

கொஞ்ச நேரம் எதுவோ உரசும் சத்தம். பிறகு கறாரான ஒரு குரல் வந்தது.

"புயலாந்தையோட விதியெல்லாம் வெச்சிருக்கறது நீதானா?"

"ஆமா. நான்தான். என் பேர் விபெக்கெ."

"அவர் ஏன் தும்மறதே இல்ல?"

"தொண்ணூத்தாறாவது விதி."

"நினைச்சேன்," என்றது குரல். ஆள் சரியான ஆள்தான் என்று தீர்மானித்துவிட்டது போலிருந்தது. "தலைக்குப் பின்னால என்ன இருக்கு?"

துளை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஒரு நொடியில் முடிந்தது. குழந்தை சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போகும். விபெக்கெயின் நாக்கு அதற்கு வளையவில்லை.

"தெரியல, ஆஸ்டா. யாருக்குமே தெரியாது. யாரும் இன்னும் முடிவு பண்ணவே இல்ல."

"எவ்வளவு நாளா?"

"முப்பது வருஷமா."

"ஏன்?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒரு காகிதத்தைத் திருப்பிப் பாக்கல."

"நானும் கணக்குப் பரீட்சைல அப்படிப் பண்ணினேன். பின்னால நாலு கணக்கு இருந்துச்சு."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"திட்டல. திருத்திட்டு வான்னாங்க." பிறகு குரல் தாழ்ந்தது. "அப்பா மாதிரி நீயும் துளை இருக்குன்னு சும்மா சொல்லிடாத. விதின்னா எழுதியிருக்கணும்."

"சொல்லமாட்டேன்."

"அப்போ யார் முடிவு பண்ணுவாங்க?"

"ஸ்டாக்ஹோம்ல. ஆறு வாரம் ஆகும்."

"ஃபாஸ்டெலவ்ன் திங்கக்கிழமை," என்றாள் ஆஸ்டா. அழவில்லை, கெஞ்சவில்லை. தகவல் சொல்வதுபோல் சொல்லிவிட்டுத் தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகாமல் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். திருத்திட்டு வான்னாங்க என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை. பச்சைக் கோப்பைப் பின்பக்கமாகப் புரட்டினாள். கடைசித் தாளில், ஸ்டாக்ஹோம்காரர்கள் தம் கையாலேயே சேர்த்து அனுப்பிய நிபந்தனைகள் இருந்தன. அவளைத் தவிர வேறு யாரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. நாலாவது நிபந்தனை: தட்டச்சுப் பிழைகளைக் கோப்பின் பொறுப்பாளரே திருத்தலாம், தெரிவித்தால் போதும். ஐந்தாவது: எந்த விதி எண்ணையும் காலியாக விடக் கூடாது.

"யானிக், கோட்டைக் கழட்டு. வீட்டுக்கு அப்புறம் போகலாம்."

அவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். "இது தட்டச்சுப் பிழையா?"

"தட்டச்சு பண்ணினது நான். அது பிழை. வேற என்ன வேணும்?"

"பிழையை எடுத்துட்டா நாப்பத்தொண்ணு காலியா இருக்குமே."

"காலியா விடக் கூடாதுன்னு போட்டிருக்கே. படிக்கத் தெரியுமில்ல உனக்கு?"

"விபெக்கெ, நீ இவ்வளவு பெரிய திருடியா? பதினோரு வருஷமா எனக்குத் தெரியாம போச்சே."

கோப்பில் எழுதுவது சுலபமாக இருந்தது. ஸ்டாக்ஹோமுக்குத் தெரிவிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் தப்புச் செய்தாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்ல இடம் கொடாமல் வாழ்ந்ததுதான் அவளுடைய பெருமை. ஐம்பத்தொன்பது புத்தகம் தப்பான விதியில் போயிருக்கிறது என்று தெரிந்தால், கோப்பை அவள் கையிலிருந்து பிடுங்கிவிடலாம். பிடுங்கினாலும் நியாயம்தான். மூன்று முறை எழுதி அழித்தாள். கடைசியில் இரண்டே வரி அனுப்பினாள்: 'விதி 41 தட்டச்சுப் பிழை. பிழை என்னுடையது. திருத்திவிட்டேன்.' திருத்திய விதியையும் சேர்த்தே அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை முழுதும் யானிக் வரைந்தான். பதினோரு வருடமாக நேருக்கு நேர் பார்த்த ஆளைத் திருப்பி நிறுத்துவதற்கு அவன் கை முதலில் வரவில்லை. ட்ரோல்ஸிடம் முந்தின இரவே அளவு கேட்டிருந்தார்கள்; இடது காது, ஒரு பெரிய கோட்டுப் பொத்தான் அளவு. படத்தின் கீழே விபெக்கெ தட்டச்சு செய்தாள்.

'விதி 41. முகமூடியில் இடது காதுக்குப் பின்னால், கோட்டுப் பொத்தான் அளவில், வட்டமான திறப்பு ஒன்று உண்டு. பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் புயலாந்தைக்கு அதன் வழியாகக் கேட்கும். திறப்புக்குள் என்ன தெரிந்தாலும் தப்பில்லை.'

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தைப் பார்த்து, ஓரிடத்தில் வட்டம் போட்டாள்.

"என்ன இப்போ?" என்றான் யானிக்.

"காலர் அகலம் ஜாஸ்தி."

தபாலை நம்ப முடியாது. சனிக்கிழமை அவளே பேருந்து ஏறி கெர்டெமிண்டெ போனாள். கடல் காற்று முகத்தில் அறைந்தது. வீட்டு வாசலில் குழந்தை மிதிவண்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மணி அடித்தால் உள்ளே வரச் சொல்வார்கள், பன் தின்னச் சொல்வார்கள், நல்ல மனசு உங்களுக்கு என்பார்கள். அந்த வம்பே வேண்டாம் என்று உறையைக் கதவின் தபால் பொந்தில் தள்ளிவிட்டு அடுத்த பேருந்திலேயே திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு படத்தில் ஆறு விரலைக் கவனிக்காமல் விட்டு, யானிக் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அவன் அதை ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டப்போகிறான். செவ்வாய்க்கிழமை ஸ்டாக்ஹோமிலிருந்து பதில் வந்தது. 'குறித்துக்கொண்டோம். நன்றி.' அவ்வளவுதான். முப்பது வருடத் தப்புக்கு இரண்டு சொல். தப்பித்தோம் என்று இருந்தாலும், ஒருவராவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வியாழக்கிழமை கோடு போட்ட தாள் மறுபடி வந்தது, கூடவே ஒரு புகைப்படத்தோடு.

"விபெக்கெ, எங்க கிளாஸ்ல ஆறு புயலாந்தை. என்னோடதைத் தவிர அஞ்சும் கடையில வாங்கினது. அஞ்சும் தப்பு. நான் விதியைக் காட்டினேன். டீச்சர் ரெண்டு தடவை படிச்சுட்டுக் கத்தரிக்கோல் குடுத்தாங்க. இறகு ஆறுதான் இருக்குன்னும் சொன்னேன், இன்னைக்கு இது போதும்னுட்டாங்க. என் பேரைக் கூப்பிட்டப்போ முதல் தடவையே கேட்டுச்சு. மூணு அடி அடிச்சேன். பீப்பாய் உடையல. மால்த்தெ உடைச்சுட்டான்."

'முதல் தடவையே கேட்டுச்சு' என்ற வரியை அவள் திரும்பவும் படித்தாள்.

புகைப்படத்தில் ஆறு புயலாந்தைகள் வரிசையாக நின்றார்கள், எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு. விபெக்கெக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். பூதக்கண்ணாடியை எடுத்து எண்ணத் தொடங்கினாள். ஆறு தலை. ஆறு துளை. நேராக வெட்டியது, கோணலாக வெட்டியது, ஒன்று கிழிந்தே போயிருந்தது. ஐந்து துளைகளில் மயிர் கொத்துக் கொத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் மட்டும், நேர்த்தியாக ஓரம் அடித்த துளைக்குள், வட்டமான ஒரு வில்லை.

இடமிருந்து நான்காவது புயலாந்தைக்குத் துளை வலது காதுக்குப் பின்னால் இருந்தது. அவள் கை தன்னால் சிவப்புப் பென்சிலை எடுத்தது. ஆனால் அந்தத் துளையைச் சுற்றி ஏற்கெனவே சிவப்பு வண்ணப் பென்சிலால் அழுத்தமாக ஒரு வட்டம் போட்டு, கீழே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'மால்த்தெ. தப்பு. விதி 41.'

விபெக்கெ பென்சிலைக் கீழே வைத்தாள். அந்தப் படத்தில் அவள் திருத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.